பாக்கெட் மாவுல தேதி எங்க?

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் அவசரத்துக்கு தெருமுனை கடையில பாக்கெட் மாவு வாங்கினேன், இட்லி என்னவோ பஞ்சு மாதிரி தான் வந்துச்சு, ஆனா சோடா உப்பு வாடை மத்தியானம் வரைக்கும் வாயிலயே நின்னுச்சு. உளுந்து நல்லா இருந்தா சோடாவே வேணாம்ங்க. 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், கிரைண்டர்ல தண்ணி தெளிச்சு தெளிச்சு அரைமணி நேரம் ஓடவிட்டா உளுந்து பொங்கி வரும், ஒரு துளி எடுத்து தண்ணியில போட்டா மிதக்கணும், அது தான் பதம். அரிசி மட்டும் லேசா ரவை மாதிரி இருக்கணும். கல்லுப்பு போட்டு கையாலயே கரைச்சு வெச்சா ராத்திரியோட புளிச்சிரும், மார்கழி குளிர்ல தான் லேட் ஆகும். அரைக்க நேரமில்லாதவங்க கடையில தான் வாங்கணும், அவங்களுக்காகவாவது பாக்கெட்ல அரைச்ச தேதியும் என்னென்ன சேர்த்திருக்குன்னும் பெருசா போட சொல்லி எழுதுங்க சார்.

- ஒரு வாசகி, ஈரோடு