கணக்கை வாக்கியமாக எழுதட்டும்

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வடசென்னையில் கோடைக்காலக் கல்லூரி ஆயத்த வகுப்புகள் நடத்தவிருப்பதாக வந்த செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சி. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இடம் கிடைக்கிறது, சரி. அப்புறம் முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுக்கி விழுகிறார்களே! ஆனால் இந்த ஆயத்த வகுப்புகளைக் கணக்குக்கு ஒன்று, எழுத்துப் பயிற்சிக்கு வேறொன்று என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வியாசர்பாடியில் இரண்டு கோடைகள் மாலை வேளையில் பாடம் எடுத்தேன் (மதியத்தில் அந்தத் தகரக் கூரையின் கீழ் யார் உட்காருவது?). ஒரு மாணவி −3² என்றால் 9 என்றே எழுதிக்கொண்டிருந்தார். நான்கு முறை திருத்தியும் பயனில்லை. "செய்ததை வாக்கியமாக எழுதும்மா" என்றேன். 'முதலில் மூன்றை வர்க்கப்படுத்தி, பிறகு...' என்ற இடத்தில் பேனா நின்றது. வர்க்கம் மூன்றுக்கு மட்டும்தான், மைனஸ் அதற்குப் பிறகுதான் என்பது புரிந்துவிட்டது. தானே 9-ஐ அடித்துவிட்டு −9 என்று போட்டார். ஆகவே இவ்வகுப்புகளில் தினமும் அரை மணி நேரம், ஒரே ஒரு கணக்கையாவது முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் வாக்கியங்களாக எழுதவைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கொருக்குப்பேட்டை