உருக்காலையின் பெயரைக் கேளுங்கள்: மின்னணு ஆலைகளின் கொள்முதல் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரங்களில் கைபேசியும் சார்ஜரும் மின்னணுப் பலகைகளும் செய்யும் ஆலைகளின் கொள்முதல் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடக்கு கிவு மாகாணத்தில், மசிசி பகுதியில், ருபாயா என்றோர் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தோண்டி எடுக்கப்படுவது கோல்டான், அதாவது டான்டலம் என்ற உலோகத்தின் தாது. இது உலக டான்டலத்தில் சுமார் 15 சதவீதம் என்பது ஐ.நா. தரப்பின் மதிப்பீடு. 2024 ஏப்ரல் இறுதியில் எம்23 ஆயுதக்குழு இந்த ஊரைப் பிடித்தது. பிடித்ததும் சுரங்கத்தை மூடவில்லை. தனக்கென ஒரு கனிம நிர்வாகத்தை அமைத்து, தோண்டுகிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்து, வரி வசூலித்தது. மாதம் சுமார் 8 லட்சம் டாலர் இப்படிக் கிடைத்ததாக ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்தது. 2025 ஜனவரியில் கோமா நகரமும் பிப்ரவரியில் புகாவுவும் அதே ஆயுதக்குழுவிடம் வீழ்ந்தன. நிலத் தகராறு, இனப்பகை, 1994 ருவாண்டா இனப்படுகொலையின் பின்விளைவுகள் என இந்தப் போருக்கு வேர்கள் பல. கனிமம் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் போர் ஓயாமல் நடக்கத் தேவையான பணம் கனிமத்திலிருந்தும் வருகிறது. அந்தப் பணத்தின் ஒரு நுனி உங்கள் கொள்முதல் ஆணையில் இருக்கிறது.

தாது உங்களை வந்தடையும் வழி இது. தோண்டியெடுத்த மண்ணை ஓடுநீரில் கழுவுகிறார்கள். கோல்டான் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. உள்ளூர் வியாபாரி அதை மூட்டைகளில் வாங்கி ஏற்றுமதியாளரிடம் விற்கிறார். 2024இல் குறைந்தது 150 டன் கோல்டான் திருட்டுத்தனமாக ருவாண்டாவுக்குள் போய் அந்நாட்டு உற்பத்தியோடு கலந்ததாகவும், அந்த வட்டாரத்தில் அதுவரை நடந்த கலப்படங்களில் இதுவே பெரியது என்றும் நிபுணர் குழு சொன்னது. ருவாண்டா இதை மறுக்கிறது. கலந்த தாது உருக்காலைக்குப் போகிறது. அங்கே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, தாதுவில் கூடவே இருக்கும் நயோபியம் என்ற உலோகத்தைப் பிரித்து, பொட்டாசியம் டான்டலம் ஃபுளோரைடு உப்பாக்கி, சோடியத்துடன் வினைபுரியச் செய்து உலோகத் தூளாக்குகிறார்கள். அந்தத் தூள்தான் மின்னணுப் பலகையில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு பாகமான கெப்பாசிட்டர் ஆகிறது.

அமிலத் தொட்டிதான் எல்லை. அதற்கு முன்பு வரை தாது மணிகளின் வேதிக் கூறுகளையும் வயதையும் அளந்து எந்தச் சுரங்கத்துப் பொருள் என்று கணிக்க முடியும். ஜெர்மனியின் அரசுப் புவியறிவியல் நிறுவனம் இதற்கான முறையை உருவாக்கியிருக்கிறது. தொட்டிக்குள் போன பிறகு எந்தக் கருவியாலும் முடியாது. எனவே கெப்பாசிட்டரை எவ்வளவு சோதித்தாலும் பயனில்லை. உருக்காலை எதை உள்ளே விட்டது என்ற கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

'மிகச் சிறிய அளவுதானே' என்று பலர் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 150 டன் தாதுவில் டான்டலம் ஆக்சைடு 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் உலோகம் ஏறத்தாழ 37 டன். ஒரு கெப்பாசிட்டருக்கு 50 மில்லிகிராம் தூள் என்று எடுத்து, ஆலை இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், 70 கோடிக்கும் மேல் கெப்பாசிட்டர்கள் வரும்.

இனி வேலைக்கு வருவோம். உதிரிப்பாகப் பட்டியலை எடுத்து 'மோதல் கனிமங்கள்' எனப்படும் டான்டலம், வெள்ளீயம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கையும் தேடுங்கள். கைபேசி போன்றவற்றில் பெரும்பாலான பாகங்களின் சப்ளையரை பிராண்டே நிர்ணயித்துவிடுகிறது; அவற்றுக்கு பிராண்டிடம்தான் கேட்க முடியும். ஆனால் சால்டர் பேஸ்ட், சால்டர் கம்பி, உள்ளூரில் செய்யும் பலகை, கனெக்டர் முலாம் ஆகியவற்றில் முடிவு பல ஆலைகளில் உங்கள் கையில் இருக்கிறது. எஸ்ஏசி305 என்ற ஈயமில்லா சால்டரில் வெள்ளீயம் 96.5 சதவீதம். பேஸ்டில் சுமார் 88 சதவீதம் உலோகம் என்றால், ஒரு கிலோ பேஸ்டில் 850 கிராம் வெள்ளீயம். எடையில் பார்த்தால் உங்கள் ஆலைக்குள் நுழையும் இந்த நான்கு கனிமங்களில் பெரும்பகுதி இதுதான். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்த நான்கு கனிமங்களும் எந்த உருக்காலைகளிலிருந்து வருகின்றன என்று சப்ளையர் நிரப்பித் தரும் சி.எம்.ஆர்.டி. படிவத்தை வாங்குகிறீர்கள், கோப்பில் வைக்கிறீர்கள். அதைத் திறந்து படியுங்கள். முதலில், அறிக்கை எந்த அளவுக்கானது என்று பாருங்கள். 'நிறுவனம் முழுமைக்கும்' என்று இருந்தால் அவர் எவரெவரிடமோ வாங்கிய எல்லா உருக்காலைகளும் அதில் இருக்கும். நீங்கள் வாங்கும் பாகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பொருள் வாரியான அறிக்கை கேளுங்கள். அடுத்து உருக்காலைப் பட்டியல். அதில் வியாபாரியின் பெயரோ, கெப்பாசிட்டர் செய்தவரின் பெயரோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு உருக்காலைக்கும் சி.ஐ.டி. என்று தொடங்கும் அடையாள எண் வேண்டும். அதன் தணிக்கை நிலை (தாது எங்கிருந்து வந்தது என்பதை வெளித் தணிக்கையாளர் சரிபார்த்தாரா என்பது) இன்று என்ன என்று நீங்களே சரிபார்க்க வேண்டும். டான்டலம் உண்டு என்று சொல்லிவிட்டு டான்டலம் உருக்காலை ஒன்றையும் காட்டாத படிவங்கள் ஏராளம். பழைய பதிப்பை எடுத்து தேதியை மட்டும் மாற்றி அனுப்புவதும் வழக்கம்.

தணிக்கைச் சான்றும் மூட்டைச் சீட்டும் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தாது எங்கிருந்து வந்தது என்று பின்தொடரும் ஐ.டி.எஸ்.சி.ஐ. திட்டத்தில் சுரங்கத்திலேயே மூட்டைக்குச் சீட்டுக் கட்டி, வியாபாரியிடம் இன்னொரு சீட்டுக் கட்டுவார்கள். சீட்டு மூட்டையோடு போகாமல் தனியாகக் கைமாறினால் எந்த ஊர்த் தாதுவும் 'சுத்தமான' தாது ஆகிவிடும். இது தொடர்பான புகார்கள் வெளிவந்த 2022ஆம் ஆண்டிலேயே உருக்காலைத் தணிக்கையை நடத்தும் தொழில்துறை அமைப்பான ரெஸ்பான்சிபிள் மினரல்ஸ் இனிஷியேட்டிவ் இத்திட்டத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. ஆகவே சீட்டை விட எடைக்கணக்கு முக்கியம். கழுவிக் காயவைத்த பின் எடை குறைய வேண்டும். இரண்டாம் சீட்டில் கூடியிருந்தால் வழியில் ஏதோ சேர்ந்திருக்கிறது. சில டஜன் பேர் கையால் தோண்டும் குழி திடீரென்று பல மடங்கு தருவதாகக் காட்டினால், அந்தக் குழி வெறும் பெயர். ஒரே சுரங்கத்துத் தாது என்று சொல்லப்படும் லாட்டுகளில் டான்டலம்-நயோபியம் விகிதம் தாறுமாறாக மாறினாலும் விளக்கம் கேட்க வேண்டும். இந்தப் பதிவுகளை உருக்காலை உங்களிடம் நேரடியாகத் தராமல் போகலாம். ஆனால் தணிக்கையாளர் இவற்றைப் பார்த்தாரா என்று எழுத்தில் பதில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இவ்வளவு தொல்லை எதற்கு, காங்கோ பொருளே வேண்டாம் என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2010 செப்டம்பர் முதல் 2011 மார்ச் வரை காங்கோ அரசே கிவு மாகாணங்களிலும் மணியெமா மாகாணத்திலும் கையால் தோண்டும் சுரங்கங்களை நிறுத்தியது. காங்கோ வட்டாரக் கனிமம் தங்கள் பொருளில் உண்டா என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற அமெரிக்காவின் 2010 டாட்-ஃபிராங்க் சட்டத்துக்குப் பயந்து பல வாங்குவோரும் விலகினர். தோண்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு வருமானம் போனது, கடத்தல் போகவில்லை. விலகினால் ஒழுங்காக விற்பவர் சந்தையை இழப்பார், ஒளித்து விற்பவர் பக்கத்து நாட்டின் பெயரில் விற்பார். காங்கோவோடு அதன் 9 அண்டை நாடுகளையும் சேர்த்துத்தான் சி.எம்.ஆர்.டி. படிவம் கேள்வி கேட்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 'எங்கள் பொருள் காங்கோவிலிருந்து வரவில்லை' என்ற பதிலோடு கேள்வி முடிவதில்லை.

இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. இந்த நான்கு கனிமங்களின் மூலத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 ஜனவரி முதல் அங்குள்ள இறக்குமதியாளர்களைக் கட்டுப்படுத்துகிறது. இங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் எழுதும் ஒப்பந்தம் மட்டுமே. ஆகவே அடுத்த சால்டர் கொள்முதல் ஆணையிலும் அடுத்த கெப்பாசிட்டர் கொள்முதல் ஆணையிலும் மூன்று வரிகள் சேருங்கள்: பொருள் வாரியான உருக்காலைப் பட்டியல் 30 நாளில் தர வேண்டும், உருக்காலை மாறினால் சரக்கு அனுப்பும் முன் தெரிவிக்க வேண்டும், தணிக்கை நிலை இழந்த உருக்காலையைத் திருத்த 6 மாதம் அவகாசம் உண்டு, அதற்குள் முன்னேற்றம் இல்லையேல் மாற்ற வேண்டும். அவகாசம் தருவது தளர்வு காட்டுவது அல்ல. உடனே வெட்டினால் அந்த உருக்காலை கேள்வி கேட்காத வேறு வாங்குவோரைத் தேடிப் போய்விடும்.

இப்படிக்கு,
கனிம வழங்கல் சங்கிலிகளை ஆராய்வோர் சிலர்