மீன்தொட்டியை எடுத்துவிட்டேன்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. மகள் இங்கே ஜூரோங்கில் வீடு வாங்கப் போகிறாள், நீ கற்றுக்கொண்ட சீன ஜாதகத்தை வைத்து வீட்டைப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் செய்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டு மீன்தொட்டிக் கதையைக் கேள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஃபெங் சுயி என்கிற சீன வாஸ்து பார்க்கிற ஒருவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். பிறந்தது 1962 பிப்ரவரி 2, காலை 11.20 என்று சொன்னேன். வருஷம், மாசம், நாள், நேரம் என்று நாலு தூண் போட்டார். தூணுக்கு இரண்டு எழுத்து, மொத்தம் எட்டு. அதனால்தான் அந்தச் சீன ஜாதகத்துக்கு ‘பாட்ஸி’, எட்டெழுத்து என்று பெயர். ஒவ்வொரு எழுத்தும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் ஒன்றைச் சேர்ந்தது. எட்டில் ஒன்றுகூட நீர் இல்லை, வடக்கே மீன்தொட்டி வையுங்கள் என்றார். மூன்றடித் தொட்டி வாங்கி வைத்தேன். பிறந்த வருஷத்தை வைத்துப் போடுகிற குவா எண் 2, அதனால் மேற்கே தலை வைத்துப் படுங்கள் என்றார். அதையும் செய்தேன்.

போன வருஷம் பாட்ஸி வகுப்பில் சேர்ந்த பிறகு, என் கட்டத்தை எங்கள் லாவ்ஷியிடம், அதாவது ஆசிரியரிடம், காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “இது கடிகார மணியா, சூரிய மணியா?”

நீ பஞ்சாங்கக்காரன், அந்தந்த ஊரின் சூரிய மணியான சுதேச மணியை உனக்கு விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்குச் சூரியக் கணக்கு கிரீன்விச்சை விட 6 மணி 55 நிமிடம்தான் முந்தியது. நான் பிறந்தபோது இங்கே கடிகாரம் ஏழரை மணி நேரம் முந்தி ஓடியது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி ஆனது. ஆகவே 11.20-இல் 35 நிமிடம் கழித்தால் 10.45. சீனக் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர். பதினொன்றுக்குத் தொடங்கும் குதிரை நேரம் போய், அதற்கு முந்திய பாம்பு நேரம் வந்துவிட்டது. நேரத் தூணின் மேலெழுத்து மரத்திலிருந்து மழைநீராக மாறியது. இல்லவே இல்லை என்ற நீர், எட்டெழுத்தில் பளிச்சென்று நிற்கிறது!

குவாவும் தப்பு. பாட்ஸிக் கணக்கில் வருஷம் பிறப்பது சூரியன் 315 பாகையைத் தொடும்போது, பிப்ரவரி 4 வாக்கில். நம் சித்திரையும் சூரியனை வைத்துப் பிறப்பதுதானே. எனக்கு 1961-தான் கணக்கு. தூணுக்கு 1961-ஐச் சரியாக எடுத்தவர், குவாவுக்கு மட்டும் 1962-ஐ அப்படியே கூட்டிவிட்டார். 61-இல் 6-உம் 1-உம் 7, பத்தில் கழித்தால் 3. மூன்றாம் எண்காரனுக்கு மேற்கு இருப்பதிலேயே கெட்ட திசை. இத்தனை வருஷமாக அங்கேதான் தலை வைத்துப் படுத்திருந்தேன்.

இதைவிட என்னை உலுக்கியது வேறு. நேரம் சரியாகவே இருந்து, நீர் இல்லாமலே போயிருந்தாலும், தொட்டி வைத்திருக்கக் கூடாது என்றார் லாவ்ஷி. இல்லாததைக் கொண்டுவந்து நிரப்புவது பாட்ஸி இல்லையாம். சீனாவில் டாங் அரசர்கள் காலத்தில் வருஷத்தை வைத்துப் பலன் சொன்னார்கள். பிறகு வந்த சோங் காலத்து ஷு ட்ஸிபிங் என்பவர் வழியில் நாளின் மேலெழுத்துதான் ஆளைக் குறிக்கும். என் எழுத்து ‘ஷின்’, நகைக்கு ஆகிற உலோகம். பிறந்தது குளிர்காலத்தின் கடைசி மாசம், உறைந்த மண்ணுக்குள். அதற்கு முதலில் வேண்டியது வெயில், பிறகுதான் அலசுவதற்குத் தண்ணீர். உறைந்து கிடக்கிறவனுக்கு வடக்கே இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், குமரேசா.

லோபான் திசைகாட்டியைக் கையில் கொடுத்து, ‘மலை’ என்கிற 24 திசைப் பிரிவுகளின் வட்டத்தைப் பார்க்கச் சொன்னார். ஒன்றுக்கு 15 பாகை. என் கட்டத்தில் இருந்த அதே பாம்பும் எருதும் ஆடும் அங்கே திசைகளாக உட்கார்ந்திருக்கின்றன! நேரத்துக்கும் திசைக்கும் ஒரே எழுத்து. ஆளின் கட்டத்தைப் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்ப்பது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதுபோல என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தொட்டியைக் கீழ்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். வெயிலுக்காக மேசையைத் தெற்கு ஜன்னலுக்கு நகர்த்தியாயிற்று. மூன்றாம் எண்ணுக்கு உடல்நலத் திசை வடக்கு. ஆனால் வடக்கே தலை வைக்காதே என்று அம்மா அடித்துச் சொன்னது மறக்குமா? தெற்கும் அதே எண்ணுக்கு நல்ல திசை, செழிப்புக்கு உரியது. அந்தப் பக்கமே தலை வைத்துக்கொண்டேன். இரண்டு ஊர் சாத்திரத்துக்கும் பொருந்துகிறது.

மகள், மாப்பிள்ளை இருவருடைய பிறந்த நேரத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து எழுது, நினைவிலிருந்து வேண்டாம். கும்பகோணத்தில் பிறந்த நேரத்துக்கு 12 நிமிடம் நான் கழித்துக்கொள்கிறேன். வீட்டு வரைபடம் கிடைத்தால் அதையும் அனுப்பச் சொல். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே போய் லோபான் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராஜு