ஆர்ஓ பிளான்ட்டைத் தூரத்திலிருந்து நிறுத்துவது பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உனக்கும் அதே கதை என்பதால்தானே, தண்ணீரின் உப்பை நீக்கும் ஆர்ஓ பிளான்ட் இருக்கும் ரூமுக்கு நடக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை நிறுத்தவும் ஃப்ளஷ் பண்ணவும் (உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை அலசித் தள்ளவும்) வழி கேட்கிறாய்!

மெயின் சப்ளையில் ஒரு கான்டாக்டர் (பெரிய மின்காந்த சுவிட்ச்) வைத்துக் கரண்டை வெட்டிவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். பம்பு நிற்கும், சரி. கூடவே பிளான்ட்டை நடத்தும் கன்ட்ரோலரும் அணைந்துவிடும். நிறுத்தும்போது அது செய்ய வேண்டிய ஃப்ளஷ் நடக்காது. 75 சதவீதம் நல்ல தண்ணீர் எடுக்கும் பிளான்ட்டில் வெளியே தள்ளப்படும் ரிஜெக்ட் தண்ணீரின் உப்பு, உள்ளே வருவதைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. அது அப்படியே உப்பை வடிக்கும் மெம்ப்ரேனுக்குள் தேங்கிவிடும். டைமர் வைத்து இப்படிக் கரண்டை வெட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் மெம்ப்ரேனைக் கழற்றும்போது கூட இருந்தேன். வரிசையில் முதல் மெம்ப்ரேன் சுத்தமாக இருந்தது. கடைசி மெம்ப்ரேனின் ரிஜெக்ட் முனையில் மட்டும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி மணலாக உதிர்ந்தது.

ஆகவே கரண்டில் கை வைக்காதே. கன்ட்ரோலரிடம் 'நிறுத்து' என்று மட்டும் சொல். பம்பு, இன்லெட் வால்வு, ஃப்ளஷ் வால்வு எது முன்னே எது பின்னே என்பதை அது பார்த்துக்கொள்ளும். பம்பு ஓடும்போதே இன்லெட் மூடினால் பம்பு வறண்டு தவிக்கும். அதனால் அந்த வரிசை முக்கியம்.

கன்ட்ரோலர் போர்டில் டேங்க் ஃபுல், லோ பிரஷர், சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) தன்னைக் கழுவிக்கொள்ளும் பேக்வாஷ் நேரத்தில் ஆர்ஓவை நிறுத்தும் இன்புட் என்று சில இருக்கும். எதில் நிறுத்தினால் ஃப்ளஷ் ஓடிவிட்டு நிற்கிறது என்று மேனுவலில் பார்த்து, அதில் உன் சுவிட்சைச் சேர். அந்த இன்புட் பெரும்பாலும் வெறும் கான்டாக்ட்டை, அதாவது வோல்டேஜ் எதுவும் கொடுக்காத சுவிட்ச் முனைகளைத்தான் எதிர்பார்க்கும். வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்தால் போர்டே போய்விடும். நார்மலி குளோஸ்டு கான்டாக்ட்டாக (சும்மா இருக்கும்போது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது), ஏற்கெனவே இருப்பதோடு சீரிஸில் போடு. போர்டையும் அதற்கேற்ப செட் செய். எலி வயரைக் கடித்தாலும் பிளான்ட் நிற்கும். அழுத்தினால்தான் மூடும் நார்மலி ஓப்பனாகப் போட்டால் வயர் அறுந்தது, நீ பட்டனை அழுத்தும் நாளில்தான் தெரியும்.

ஃப்ளஷ் பட்டனை நேராக ஃப்ளஷ் வால்வைத் திறக்கும் சோலனாய்டு காயிலுக்குக் கொண்டுபோகாதே. நீ கொடுக்கும் சப்ளை பின்வழியாகப் போர்டின் அவுட்புட்டுக்குள் ஏறும். தவிர, இன்லெட் மூடியிருக்கும்போது ஃப்ளஷ் வால்வு திறந்து என்ன பயன்? போர்டில் ஃப்ளஷ் இன்புட் இருந்தால் அதில் கொடு. இல்லையென்றால் இன்லெட் திறந்திருந்தால் மட்டும் வேலை செய்யும்படி ஒரு ரிலேயும் (சிறிய மின்காந்த சுவிட்ச்), போர்டின் அவுட்புட்டைப் பிரித்துவைக்க இன்னொரு ரிலேயும் வேண்டும்.

நீளமான கேபிளை நேராகப் போர்டுக்குள் நுழைக்காமல், பேனலிலேயே ஒரு 24 வோல்ட் டிசி ரிலே வைத்து அதன் கான்டாக்ட்டைப் போர்டுக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ரிலே காயிலின் இரு முனைக்கும் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட மறக்காதே. இந்தக் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதே. கேபிளுக்கு ஷீல்டு (உலோக உறை) இருந்தால் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய். சேர்த்துக் கட்டியிருந்தால், சும்மா கிடக்கும் வயரில்கூட மீட்டர் வோல்டேஜ் காட்டும். அதைப் பார்த்துக் குழம்பாதவர் யார்?

எமர்ஜென்சி ஸ்டாப் வேறு விஷயம். அது பம்பின் கரண்டை நேராகவே வெட்ட வேண்டும். அப்போது ஃப்ளஷைப் பற்றி யோசிக்கக் கூடாது. அப்புறம், ஒருவன் மெம்ப்ரேன் ஹவுசிங்கைத் திறந்துகொண்டிருக்கும்போது நீ தூரத்திலிருந்து 'ஆன்' போட்டால்? அதனால் பிளான்ட் பக்கத்திலேயே பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும், சாவி வேலை செய்பவன் பையில்.

போர்டின் டெர்மினல் பகுதியைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, எழுத்து தெரியும்படி. மாடல் நம்பரும் வேண்டும். படம் வந்ததும் எந்த ஸ்க்ரூவில் எந்த வயர் என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி