இசை கேட்போர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவையும் சந்தா பாக்கியையும் பொருளாளர் வாசிப்பார். பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் நழுவிவிட வேண்டாம். மற்றபடி இந்த ஆண்டை முழுக்க ‘டாக்’ தின்றுவிட்டது.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வரி. சிடியிலோ ஃபோனிலோ எண்களாக இருக்கும் பாட்டை, ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின்னலையாக மாற்றித் தருவது டாக். எது நல்ல டாக் என்ற சண்டை மன்றத்தில் வெகு நாளாக ஓடுவதால், அவரவர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். ஆப்பிள் விற்கும், ஃபோனில் செருகும் சுண்டுவிரல் அளவு டாக்கான டாங்கிள் வந்தது. டாப்பிங், எஸ்எம்எஸ்எல் என்ற சீன நிறுவனங்களின் பெட்டிகள் வந்தன. பிலிப்ஸின் டிடிஏ1541 என்ற டாக் சிப் உள்ள 1980களின் சிடி பிளேயர் ஒன்றைப் பெரியவர் ஒருவர் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஓவர்சாம்ப்ளிங் (பாட்டின் எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டு நிரப்புவது) இல்லாத, மின்தடைகளை ஏணிபோல் அடுக்கிச் செய்த ஆர்2ஆர் பெட்டியும் ஒன்று வந்தது. விலையில் அதுதான் எல்லாவற்றுக்கும் அண்ணன்.

சத்தம் ஒரு இழை கூடினாலே காது அதைத் ‘தெளிவு’ என்று சொல்லிவிடும். பெரிய பெட்டிகள் வழக்கமாக 2 வோல்ட் தருகின்றன. நம்மிடம் வந்த டாங்கிள் ஏறக்குறைய 1 வோல்ட்தான். வித்தியாசம் 6 டெசிபெல். இதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் ஜெயிப்பது டாக் அல்ல, வால்யூம். ஆகவே ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து எல்லாவற்றையும் 0.1 டெசிபெலுக்குள் சமன் செய்தோம். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. 1,000 ஹெர்ட்ஸில் பலவற்றின் கணக்கு பிசகும். அதனால் 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அளந்தோம். அப்புறம் திரை போட்டு, எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாமல் கேட்டோம்.

தம்புரா சுருதி, மிருதங்கத்தின் தொப்பி, வயலின் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. டாங்கிளையும் சீனப் பெட்டிகளையும் யாராலும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழைய பிலிப்ஸையும் அப்படித்தான். 16 பிட் சிடிக்கே மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளி உண்டு. மின்விசிறி சுற்றும் நம் அறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

ஆர்2ஆர் பெட்டியை மட்டும் இளைஞர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். ‘மென்மையாக இருக்கிறது’ என்றார்கள். உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் நொடிக்கு 44,100 எண்களாகப் பதிவான சிடி ஒலியைத் தந்தால், காதுக்கு எட்டும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸ் அருகே சுமார் 3 டெசிபெல் தானாகவே குறைந்துவிடும். டிரெபிள் குமிழைச் சற்றுக் குறைத்தது போலத்தான். பிடித்திருந்தால் தாராளமாகக் கேட்கலாம், ஆனால் அந்த விலைக்கா என்பது என் கேள்வி. பெட்டியின் சொந்தக்காரர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மறுப்பு கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

எல்லோர் காதுக்கும் பட்ட வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது யூஎஸ்பி வழியாக வந்த ‘ங்ங்’ என்ற இரைச்சல், சார்ஜரைக் கழற்றியதும் போய்விட்டது. எர்த் வழியாகச் சுற்றிவரும் மின்சாரம்தான் காரணம். ஆப்டிகல் கேபிளில் ஒளி மட்டுமே போவதால் அதில் இந்தத் தொல்லை வரவில்லை.

டாக்கின் உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒன்று. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்காவில், டாக் சிப் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தபோது, பல கம்பெனிகள் போட்டி நிறுவனமான ஈஎஸ்எஸ்ஸின் சிப்புக்கு மாறின. சுற்று ஒழுங்காக இருந்தால் எந்தச் சிப்பிலும் பாட்டு நன்றாகவே வருகிறது.

இதையெல்லாம் வைத்துச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. மன்றத்துக்குப் புது டாக் வாங்க ஒதுக்கிய தொகையில் கேட்கும் அறைக்குக் கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கலாம். கைதட்டினால் எதிரொலிக்கும் அறையில் எந்தப் பெட்டியும் எடுபடாது. மீதியில் நீளமான ஆப்டிகல் கேபிள் ஒன்று. அடுத்த ஆண்டு ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் சொந்த யோசனை.

அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்