அந்த ஒரு வாரம்

கண்ணு,

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், நாற்று விடணும், அதெல்லாம் அப்புறம். அம்மா ஒன்று சொன்னாள். ஃபோனில் பேச எனக்கு வாய் வராது. கூச்சப்படாமல் படி, உன் அப்பன் மருந்துக்கடைக்காரன்தான்.

மாதத்தில் ஒரு வாரம் உன் ஏடிஹெச்டி மாத்திரை, அதுதான் கவனம் சிதறாமல் இருக்கப் போடுகிற மெத்தில்ஃபெனிடேட், வேலையே செய்வதில்லை என்று நீயாகவே ரெண்டாகப் போட்டுக்கொள்கிறாயாம். எந்த வாரம் என்று அம்மா சொல்லாமலே தெரிந்தது. மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்துபோகிற நாட்களில்தான் நீ ஃபோனை எடுப்பதில்லை என்பதும் இப்போதுதான் புரிகிறது.

மாத்திரையிலும் கோளாறு இல்லை, உன்னிடமும் இல்லை. மூளையில் சுரந்த டோபமைன், கவனத்தைப் பிடித்து வைக்கிற ரசாயனம், திரும்ப உள்ளே போகாமல் அந்த மருந்து தடுக்கிறது. எவ்வளவு சுரக்கிறது என்பதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. சூலகம் எடுத்த பெண் எலிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால், உன் மாத்திரை வகையைச் சேர்ந்த ஆம்பெட்டமைன் என்ற மருந்துக்கு டோபமைன் கூடுதலாக வருகிறது, ஆண் எலிக்கு அப்படி இல்லை என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜில் பெக்கர் எப்போதோ காட்டிவிட்டார். பெண்களிலும், மாதவிலக்கு முடிந்து ஈஸ்ட்ரோஜன் ஏறும் நாட்களில் இந்த வகை மருந்து நன்றாகப் பிடிக்கும், பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அதை மந்தமாக்கும், கடைசி நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் இறங்கிவிடும்.

நெதர்லாந்தில் அந்த நாட்களுக்கு மட்டும் டோஸைக் கூட்டிப் பார்த்து 2023இல் எழுதியிருக்கிறார்கள், பலன் தெரிந்ததாம். ஆனால் 9 பேர்தான், அதுவும் டாக்டர் கூட்டியது. நீயாகக் கூட்டாதே. நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், தூக்கம் போகும், தூங்காததால் மறுநாள் கவனம் இன்னும் சிதறும், மறுபடி ஒரு மாத்திரை, அதற்கு மேல் உன் காப்பி. ஷெட்யூல் எக்ஸ் மருந்தம்மா அது. ரெண்டு சீட்டு வாங்கி ஒன்றைக் கடைக்காரன் 2 வருஷம் வைத்திருக்கணும், மருந்தைப் பூட்டியே வைக்கணும், நம் கடையில் அதற்கு லைசென்ஸே வாங்கவில்லை. நீ பொரிகடலை மாதிரி வாயில் போடுகிறாய்.

தானாக டாக்டரிடம் போய் ஏடிஹெச்டி என்று தெரிந்துகொண்டு வந்தவள் நீ, நம் சொந்தத்தில் யாருக்கு அந்தத் தைரியம்? அதையே இதிலும் காட்டக் கூடாதா? ஆம்பளை டாக்டர் என்று கூச்சமா? நானே எழுதிவிட்டேன், பார்.

ரெண்டு மாதம் காலண்டரில் குறி: மாதவிலக்குத் தேதி, மாத்திரை போட்ட நேரம், எத்தனை மணி வரை பிடித்தது. கொண்டுபோய்க் காட்டு. ஹார்மோன் மாத்திரை ஏதாவது எடுத்தால் அதையும் சொல், டாக்டரிடம், என்னிடம் வேண்டாம். அதுவரை நீயாகக் கூட்டாதே. சின்னத்தை கதை உனக்குத் தெரியும்.

அம்மா ஒப்பிட்டு, அதுதான் போளி, சுட்டு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறாள். பதில் அவளுக்கே போடு.

அப்பா