தோளில் லெமூர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் வெளியான மடகாஸ்கர் கட்டுரையில், 'லெமூரைத் தோளில் ஏற்றி ஒரு படம் எடுக்காமல் ஊர் திரும்பாதீர்கள்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. பக்கத்திலேயே, குரங்குக்கு உறவான அந்தக் காட்டு விலங்குக்கு வாழைப்பழம் நீட்டும் பயணியின் படம் வேறு. அந்த நாட்டுக்குப் பயணிகளை அனுப்பும் தொழிலில் இருப்பவனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

லெமூரைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது அங்கே குற்றம் என்பது தாங்கள் அறியாததல்ல. விடுதி வாசலில் இடுப்பில் கயிற்றோடு உட்கார்ந்திருக்கும் குட்டி தானாக அங்கே வந்ததில்லை. பல வகை லெமூர்களின் குட்டி தாயின் உடம்பைப் பற்றிக்கொண்டே வளர்வது. அதைப் பிரித்தெடுக்கத் தாயையே கொன்றுவிடுவதும் உண்டு. வளையவால் லெமூர் காட்டில் தின்பது புளிய இலையும் புளியம்பழமும். அதற்கு நாள் முழுக்க வாழைப்பழம் ஊட்டினால் பல் கெடும், உடம்பு ஊதும். நம் இருமலும் உதட்டுப் புண்ணும் அதற்குத் தொற்றும். 100க்கும் மேற்பட்ட லெமூர் இனங்களில் ஏறக்குறைய எல்லாமே அழியும் ஆபத்தில் இருப்பதாக 2020-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்த பிறகும் இப்படி எழுதலாமா?

லெமூர் பார்க்க முறையான வழி இருக்கிறது. தலைநகர் அந்தனனரிவோவிலிருந்து கிழக்கே சுமார் 150 கி.மீ. தள்ளி அந்தாசிபே காடு. காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அவர் கூலி நுழைவுச் சீட்டில் சேராது, அந்நாட்டுப் பணமான அரியாரியைச் சில்லறை நோட்டாக வைத்திருப்பது நல்லது. உயிரோடிருக்கும் லெமூர்களில் மிகப் பெரியதான இந்திரி அங்கே கூப்பிடும். முதலில் கரகரத்த உறுமல், பிறகு மேலிருந்து இறங்கி இறங்கி வரும் நீண்ட ஓலம். குடும்பமே சேர்ந்து குரல் எடுக்கும்; அடுத்த மலைச்சரிவிலிருந்து இன்னொரு குடும்பம் பதில் சொல்லும். கூண்டில் அடைத்தால் இந்திரி பிழைப்பதில்லை. இதை ஒரு பத்தி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்திருப்பேன். முன்பொரு இதழில் 'ஜனவரி விடுமுறைக்கு ஏற்ற இடங்கள்' பட்டியலில், ஊசி ஊசியாய் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் கொண்ட பெமராஹா சிஞ்சி தேசியப் பூங்காவைச் சேர்த்திருந்தீர்கள். ஜனவரி அங்கே புயல்மழைக் காலம், பூங்கா மூடியிருக்கும். மேற்குக் கரை நகரான மொரோந்தாவாவிலிருந்து பூங்கா வாசல் ஊரான பெக்கொபாக்கா வரை சுமார் 200 கி.மீ. மண்சாலை; நடுவே சிரிபிஹினா, மனம்போலு என்ற இரண்டு ஆறுகளைப் படகுமிதவையில் வண்டியோடு கடக்க வேண்டும். காய்ந்த காலத்திலேயே எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை நம்பிப் போகலாம்.

தலைநகரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 7-இல் தென்மேற்குக் கரை நகரான துலியாரா வரைக்கும் 'ஒரே இரவில்' போகலாம் என்று எழுதியதும் நீங்கள்தான். தூரம் 900 கி.மீ.க்கு மேல். விளக்கில்லாத மாட்டுவண்டி, குழிகள், தெற்கே வழிப்பறி. அங்கே விவரம் தெரிந்த ஓட்டுநர் இரவில் வண்டி எடுப்பதில்லை. அன்சிரபே, ஃபியனாரன்சுவா, ரனோஹிரா என்று தங்கித் தங்கிப் போவதே வழக்கம்.

எல்லாவற்றையும்விட மனம் நொந்தது, ஃபமதிஹானா என்ற முன்னோர் சடங்குக்குப் 'பிணக் கூத்து' என்று தலைப்பிட்டதற்கு. மேட்டுநிலத்துக் குடும்பங்கள் பல ஆண்டுகள் பணம் சேர்த்து, குளிர்மாதங்களில் கல்லறையைத் திறந்து, முன்னோரைப் புதுப் பட்டில் சுற்றுகிறார்கள். யார் யார் என்று மாறிவிடாதிருக்கத் துணிமேல் பெயர் எழுதுகிறார்கள். அழைப்பில்லாமல் போகக்கூடாது, போனால் மொய் போல உறையில் பணம் கொடுக்க வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. சாலையோரக் கல்லறையை நேராக விரல் நீட்டிக் காட்டுவதும் ஃபாடி, அதாவது விலக்கு. விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். பெற்றவர்களைத் தோளில் சுமப்பவர்களைக் கூத்தாடிகள் என்று எழுத நம் பத்திரிகைக்கு எப்படி மனம் வந்தது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாழைப்பழப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து நீக்குங்கள். லெமூரைத் தொடாதீர்கள், சிஞ்சிக்கு ஜனவரியில் போகாதீர்கள் என்று அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். டிசம்பர் விடுமுறைக்குப் பலர் இப்போதே சீட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சென்னை